யு.கே.ஜி. எடுக்கும் டீச்சர் மேலே எதைப் படிப்பது?

கேள்வி: அம்மாபேட்டை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் யு.கே.ஜி. எடுக்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் டி.டி.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் டிப்ளமோ), அப்புறம் தபாலில் பி.எஸ்சி. கணிதம். பி.எட். படிக்கவில்லை. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாள் பாஸ். அந்தச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். பையன் இரண்டாம் வகுப்பு.

எனக்குச் சின்னப் பிள்ளைகளோடுதான் வேலை பிடித்திருக்கிறது. பெரிய வகுப்புக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி இரண்டு வருடமாக எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்கிறார். "கணக்குப் படித்தவள் ஏன் இன்னும் ரைம்ஸ் பாடிக்கொண்டு இருக்கிறாய்" என்று ஸ்டாஃப் ரூமிலும் கேட்கிறார்கள். நான் மாறப்போவதில்லை. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி முறையாகப் படிக்க வேண்டும் என்று ஆசை. காரணம் சொல்கிறேன். என் வகுப்பில் 34 பேர். நான்கு கோடு நோட்டில் தீபாவளிக்குள் சின்ன எழுத்து முடிக்க வேண்டும் என்பது பள்ளி உத்தரவு. பாதிப் பேருக்குப் பென்சிலே சரியாகப் பிடிக்க வரவில்லை. மூன்று முதல் எட்டு வயது வரை பரீட்சை என்பதே பொருந்தாது என்று 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டத்தில் இருப்பதைப் போனில் காட்டினேன். "அது சி.பி.எஸ்.இ.க்கு டீச்சர், நம்ம பேரன்ட்ஸுக்கு நோட்டு நிறையணும்" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மனசுக்குத் தெரிகிறது, வாயில் வரவில்லை.

நான் விசாரித்த வரையில் இருப்பவை: எம்.எட்., இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழி எம்.ஏ. எஜுகேஷன், கோவை அவினாசிலிங்கத்தில் எம்.எஸ்சி. மனித மேம்பாடு, பெங்களூரு அசிம் பிரேம்ஜியில் எம்.ஏ. எஜுகேஷன். இது போக ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் விடாமல் வருகிறது, ஆறு மாதத்தில் ஆன்லைனில் "முதுகலை டிப்ளமோ இன் மாண்டிசோரி" என்று. வேலையை விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என் கையில் இருக்கிறது. ஆடியில் ஒரு சீட்டுப் பணம் வரும், அதுதான் மூலதனம். ஆங்கிலம் படித்தால் புரியும், எழுத நேரமாகும்.

யாராவது இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

பதில்: கொண்டலாம்பட்டி ரவுண்டானா

எம்.எட். படிங்க சகோதரி. நான் எம்.எட். முடித்து ஒரு பி.எட். கல்லூரியில் இருக்கிறேன். நர்சரியில் இருந்தால் கடைசி வரை இதே சம்பளம்தான்.

உங்களிடம் பி.எட். இல்லை என்று யோசிக்க வேண்டாம். பட்டப் படிப்போடு டி.டி.எட். இருந்து 50 சதவீதம் இருந்தால் எம்.எட்.டுக்கு விண்ணப்பிக்க என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில்) விதி இடம் தருகிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. ஆனால் சேரப்போகும் கல்லூரியில் "எடுப்பீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். கவுன்டரில் இருப்பவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

இரண்டு வருடம், நேரடி வகுப்பு. தபாலில் கிடையாது. அப்புறம், கல்லூரியில் பாட முறை எடுக்க எம்.எட். மட்டும் போதாது, கூடவே உங்கள் பாடத்தில் ஒரு எம்.எஸ்சி.யும் கேட்பார்கள், 55 சதவீதத்தோடு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பதில்: மலைமேல் அக்கா

டீச்சர், நான் ஏற்காட்டில் பால்வாடிகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மேற்பார்வையாளர். நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி என்று பஸ் போகும் வரை பஸ், அதற்கு மேல் காபித் தோட்டத்து ஜீப் ஏதாவது வந்தால் அது, இல்லையென்றால் நடை. இந்த வேலையில் இருந்துகொண்டேதான் இக்னோ எம்.ஏ. எஜுகேஷன் முடித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே தம்பி எழுதியது தப்பில்லை. ஆனால் அவர் சொல்வது குழந்தைகளை விட்டுவிட்டு டீச்சர்களுக்கு டீச்சராகப் போகிற வழி. எம்.எட்.டில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு இல்லை. என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறையில் இருப்பது இரண்டுதான்: எட்டாம் வகுப்பு வரைக்குமான தொடக்கக் கல்வி ஒன்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை இன்னொன்று. உங்கள் யு.கே.ஜி. எங்காவது ஒரு விருப்பப் பாடமாக எட்டிப் பார்த்தால் உண்டு. தரையில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவருக்கு அது எதற்கு?

கோவை எம்.எஸ்சி.தான் உண்மையில் நீங்கள் தேடுகிற பாடம். குழந்தை வளர்ச்சி, கவனித்தல், குடும்பம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் எல்லாம் அந்தத் துறையில் வரும். ஹோம் சயின்ஸ் வழியில் வந்த படிப்பு என்பதால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதினாலும் ஹோம் சயின்ஸ் தாளில் எழுதலாம். ஆனால் முழுநேரம். கணிதப் பட்டத்தை ஏற்பார்களா என்று முதலில் தகுதிப் பட்டியலைப் பாருங்கள். சேலத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவதெல்லாம் பேச்சுக்குத்தான் சரி. அசிம் பிரேம்ஜியிலும் எம்.ஏ.வுக்குள் சிறார் கல்வியைத் தனிச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம், வீட்டு வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் அதுவும் முழுநேரம்தான். இரண்டாம் வகுப்புப் பையனை விட்டுவிட்டுப் போவீர்களா? உங்களுக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தால் "கண்ணை மூடிக்கொண்டு போ" என்று சொல்லியிருப்பேன்.

மிச்சம் இக்னோ. எந்தப் பட்டமும் போதும், நுழைவுத் தேர்வு இல்லை. 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு வரும். ஆங்கிலம் அல்லது இந்தி, தமிழ் கிடையாது. முதல் வருடம் தத்துவம், உளவியல், சமூகவியல், ஆராய்ச்சி முறை. சில பாடங்கள் கல். இரண்டாம் வருடச் சிறப்புப் பிரிவுகள் நான் படித்தபோது உயர்கல்வி, தொலைநிலைக் கல்வி, கல்வித் தொழில்நுட்பம், நிர்வாகம் என்றுதான் இருந்தன. நான் நிர்வாகம் எடுத்தேன், ஏனென்றால் வேறு எதுவும் எனக்கு ஒட்டவில்லை. சிறார் கல்வி என்று தனியாக ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் எதற்குப் படித்தாய் என்று கேட்பீர்கள். ஆய்வேட்டுக்காக. அந்த ஒன்றை மட்டும் நம் இஷ்டத்துக்கு எழுதலாம்.

எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு மையம். காபி பறிக்கிற சீசனில், கார்த்திகை மார்கழியில், அம்மாக்கள் விடியலிலேயே போய்விடுவார்கள். அந்த மையத்தில் ஒரு பெண் குழந்தை, நான்கரை வயது. வாயே திறக்காது. பதிவேட்டில் அதன் பெயருக்கு நேராக "பங்கேற்பதில்லை" என்றுதான் மாதாமாதம் இருக்கும். ஒரு நாள் பணியாளர் அம்மா முறத்தில் கொஞ்சம் காபிப் பழத்தைக் கொட்டி வைத்திருந்தார். இந்தப் பிள்ளை உட்கார்ந்து சிவப்பு ஒரு குவியல், பச்சை ஒரு குவியல், காய்ந்து கறுத்தது ஒரு குவியல் என்று பிரித்தது. யாரும் சொல்லவில்லை. அதோடு விடவில்லை. சிவப்பை மட்டும் எடுத்துப் பெரிதும் சிறிதுமாக மறுபடி பிரித்தது. அப்புறம் பச்சையையும். பிரித்ததை உள்ளுக்குள் இன்னொரு அளவில் பிரிக்கிறது என்றால் அதுதான் கணக்கின் ஆரம்பம். ஒன்று இரண்டு மூன்று ஒப்பிக்கிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு அது வராது. நீங்கள் கணிதம் படித்தவர், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதையே என் ஆய்வேடாக எடுத்தேன்: மலையில் கிடைக்கிற பொருட்களை வைத்து, மிளகு, காபி, சில்வர் ஓக் இலை, கமலாத் தோல், இந்தப் பிள்ளைகள் எப்படி வகை பிரிக்கிறார்கள் என்று. வழிகாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கேள்வித்தாள் எங்கே, சதவீதம் எங்கே என்றார். நாலு வயதுப் பிள்ளையிடம் கேள்வித்தாளை நீட்டினால் கிழித்துக் கப்பல் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கவனிப்புக் குறிப்புகளை வைத்து எழுத விட்டார்.

அந்தக் குறிப்பு எழுதுகிற பழக்கம்தான் எனக்கு எம்.ஏ. தந்தது. "பிள்ளை சோம்பேறி" என்று எழுதுவது தீர்ப்பு. "பத்து நிமிடம் பென்சிலைத் தொடவில்லை, ஜன்னலில் குரங்கையே பார்த்தான், குரங்கு போனதும் ஒரு கோடு போட்டான்" என்பது குறிப்பு. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இரண்டு முதல் ஏழு வயதைப் பற்றிச் சொன்னதை எல்லாரும் தேர்வுக்கு ஒப்பிப்போம். அதைக் கையில் ஒரு நோட்டோடு பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது. உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் நீங்கள் காட்ட வேண்டியதும் அதுதான். தேசியக் கலைத்திட்டம் என்றால் அவர் சி.பி.எஸ்.இ. என்று தள்ளுவார். "இந்தப் பையன் ஜூனில் பென்சிலை முஷ்டியாகப் பிடித்தான், மாவு பிசைந்து, மணி கோர்த்து, செப்டம்பரில் மூன்று விரலுக்கு வந்தான், இதோ தேதி" என்று வைத்தால் எப்படித் தள்ளுவார்? அந்த வயதில் மணிக்கட்டு எலும்பே முழுசாக உருவாகி முடிந்திருக்காது. நோட்டை நிரப்பச் சொல்லிக் கையை வலிக்க வைப்பதோடு சரி.

---

பதில்: அழகாபுரம் பிளே ஸ்கூல்

பிளே ஸ்கூல் நடத்துகிறவன் என்ற முறையில் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எம்.ஏ. முடித்து வந்தால் சம்பளம் கூட்டுவீர்களா என்று கேட்டால், மாட்டேன். கூட்ட முடியாது. வாடகை, வேன், ஆயா, கரன்ட் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் டீச்சர் சம்பளம். அட்மிஷனுக்கு வருகிற அப்பாக்கள் கேட்பது மூன்று: ஏசி இருக்கா, கேமரா இருக்கா, மாண்டிசோரியா. டீச்சர் என்ன படித்தவர் என்று ஒருவர்கூடக் கேட்டது கிடையாது. நான் ஆள் எடுக்கும்போது பார்ப்பது ஒன்றுதான். ஜூன் முதல் வாரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையை யார் கையில் கொடுத்தால் அடங்குகிறது என்று பார்ப்பேன். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தருவதில்லை.

நீங்கள் சொன்ன அந்த ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ வேண்டாம். அப்படிப்பட்ட சான்றிதழ் என் மேஜையில் ஒரு அடுக்கு இருக்கிறது. தங்க நிற முத்திரை மட்டும் நன்றாக இருக்கும். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்கச் சட்டம் இல்லை. அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்து, போர் முடியும் வரை இந்தியாவிலேயே இருந்து, கொடைக்கானலில் வகுப்பெல்லாம் எடுத்தவர். அவர் 1929-ல் தொடங்கிய ஏ.எம்.ஐ. அமைப்பின் பயிற்சி சென்னையிலும் பெங்களூருவிலும் உண்டு. அதில் பொருட்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் பழக வேண்டும், நாள் கணக்கில் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். போனில் வீடியோ பார்த்து வருகிற விஷயம் இல்லை.

---

பதில்: அம்மாபேட்டை டீச்சர்

அக்கா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். வீட்டுக்காரரையும் படிக்கச் சொன்னேன். "பட்டறையிலும் மணியை இப்படித்தான் பிரிப்போம்" என்றார். சந்தேகங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதுதான் பயம். ஆய்வேடு எவ்வளவு பக்கம், யார் திருத்துவார்கள்? அப்புறம் சார் சொன்ன மாதிரி சம்பளம் கூடாது என்றால், அரசு வேலைக்காவது உதவுமா? பள்ளிகளில் எல்.கே.ஜி. ஆரம்பித்தார்களே, அதற்கு டீச்சர் எடுப்பார்களா?

சார், ஏசி பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பள்ளியிலும் அதே கதைதான்.

---

பதில்: மலைமேல் அக்கா

ஆங்கிலம் பயப்படுகிற அளவுக்கு இல்லைம்மா. அசைன்மென்டில் அலங்காரம் யாரும் கேட்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, உங்கள் வகுப்பிலிருந்து ஒரு உதாரணத்தோடு எழுதுங்கள். புத்தகத்தை அப்படியே இறக்கியவர்களைவிட எனக்கு மதிப்பெண் நன்றாகவே வந்தது. கவனிப்புக் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள், பிள்ளை பேசியதைப் பேசியபடியே. ஆங்கிலத்துக்கு மாற்றுவது பிறகு. தலைப்புச் சுருக்கத்தை முதலில் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், அதில்தான் இழுக்கும். பக்கத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள், வழிகாட்டி கிடைப்பதுதான் பெரிய பாடு. அதற்கு உத்தமசோழபுரம் டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) விரிவுரையாளர் யாராவது சம்மதிப்பார்களா என்று முதல் வருடத்திலேயே போய்க் கேளுங்கள்.

அரசு வேலை. மனசு கஷ்டப்படாமல் கேளுங்கள். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப்போகிறோம் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆள் போட்டார்கள். எங்கள் பால்வாடிப் பணியாளர்கள் கதை வேறு. 1982-ல் சத்துணவு வந்ததிலிருந்து மையம் என்றாலே சோறு போடுகிற இடம் என்று ஊர் நினைக்கிறது. அங்கே பாடமும் நடக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே இந்த நிலையில் முன்பருவத்துக்கென்று நிரந்தரப் பணியிடத்தை எதிர்பார்த்து யாரும் முதுகலை படிக்கக் கூடாது. இப்போது வந்திருக்கிற நான்கு வருட ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பில் அடித்தள நிலை என்று மூன்று முதல் எட்டு வயதுக்குத் தனியாகவே பயிற்சி இருக்கிறது. அந்தப் படிப்பில் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த வயதைத் தெரிந்த ஆள் வேண்டும். கதவு திறந்தால் அந்தப் பக்கம்தான் திறக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அங்கே எம்.ஏ. எஜுகேஷனோடு பி.எட்.டும் கேட்பார்கள்.

பிளே ஸ்கூல் சாருக்கு: அழுகிற பிள்ளையை அடக்குகிற கை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டீச்சர் உங்களை விட்டுப் போனால் அந்தக் கையும் போய்விடும். அவர் என்ன செய்தார் என்று எழுதி வைத்திருந்தால்தான் அடுத்து வருகிறவர் பிடித்துக்கொள்வார். படித்தவருக்குச் சம்பளம் கூட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, வாரத்தில் ஒரு பீரியடு எழுதுவதற்கு விடுங்கள். அதற்குப் பணம் செலவாகாது.

டீச்சர், கடைசியாக ஒன்று. நேரே எம்.ஏ.வுக்குப் போக வேண்டாம் என்பேன். இக்னோவிலேயே சிறார் பராமரிப்பு, கல்வி என்று ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது, டி.இ.சி.இ. என்பார்கள். தகுதி பிளஸ் டூதான், அதனால் பட்டதாரிகள் ஏளனமாகப் பார்ப்பார்கள். ஆனால் பாடம் முழுக்க ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளைப் பற்றியது, உடல்நலம், சத்துணவு, ஊனமுள்ள பிள்ளைகள் வரைக்கும். செய்முறைத் திட்டமும் உண்டு. நீங்கள் தேடுகிற பாடம் அந்தச் சின்னப் படிப்பில்தான் இருக்கிறது, எம்.ஏ.வில் இருப்பது பெயர். இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க 2022-லேயே யு.ஜி.சி. அனுமதி கொடுத்துவிட்டது, ஆனால் பையனும் 34 நோட்டும் இருக்கும்போது அந்த வேலை வேண்டாம். இந்த வருடம் டிப்ளமோ. அதில் எடுக்கிற குறிப்புகளையே சேர்த்து வைத்தால் எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அடித்தளம் தயார்.

---

பதில்: அம்மாபேட்டை டீச்சர்

சரி அக்கா. டிப்ளமோ முதலில். சீட்டுப் பணம் ஆடியில் வருகிறது, ஜூலை சேர்க்கைக்கு ஒத்துவரும். மாவு, மணி எல்லாம் திங்கட்கிழமையே எடுத்துப் போகிறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டால் கைவேலை பீரியடு என்று சொல்லிவிடுகிறேன்.

---

பதில்: கொண்டலாம்பட்டி ரவுண்டானா

நான் தோற்றேன், பரவாயில்லை. எம்.ஏ.வுக்கு எப்போது போனாலும் ஒன்று கவனியுங்கள். தொலைநிலைப் பட்டப் படிப்புக்கு இப்போது யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐ.டி. என்ற எண்ணைக் கேட்கிறார்கள். அது எடுக்க முதலில் ஏ.பி.சி. ஐ.டி. (படிப்பு கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும், அது ஆதாரோடு இணைந்தது. நம் ஊர்ப் பிரச்சினை இனிஷியல்தான்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு சிலருக்கு வீட்டுக்காரர் பெயராக மாறியிருக்கும். எங்கள் கல்லூரியில் இதனாலேயே அலைந்தவர்கள் இருக்கிறார்கள். மே லீவில் இ-சேவை மையத்துக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்தைத் திறங்கள்.